ராணிக்கு ஒரு முழுக் காடை

கண்ணை மறைத்துத் தோல் தொப்பி போட்டிருந்தாலும் வல்லூறு தின்னும். இறைச்சித் துண்டால் காலில் மெல்லத் தட்டினால் போதும். தலையைக் குனிந்து, பிய்த்து, தருவது யார் என்று கேளாமல் விழுங்கிவிடும்.

அந்த வியாழக்கிழமை ராணி என்ற வல்லூறுக்குத் தந்தவன் கிறகரி.

மேடைக்குப் பின்னால், பலகைத் தட்டியின் மறைவில், கட்டைமேல் அவள் குந்தியிருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் றொஷினி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கிறகரி இடுப்புப் பையிலிருந்து ஒரு முழுக் காடையை எடுத்தான். உரித்து, எலும்பை நசித்து, விழுங்குவதற்கு வசதியாக வீட்டிலேயே வெட்டிக் கொண்டுவந்திருந்தான். ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு. ராணியின் கழுத்தின் கீழே இரைப்பை பந்துபோலப் புடைத்தது. எல்லாம் முடிந்ததும் அலகில் ஒட்டியிருந்த இரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான், சின்னப் பிள்ளைக்கு வாய் துடைப்பதுபோல.

பறவைக் காட்சி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்துபோகிறார்கள். வானத்தில் போன பறவை எஜமானின் கைக்குத் திரும்பி வருவது பாசத்தால் என்று நினைக்கிறார்கள். பாசமாவது ஒன்றாவது! பசிதான் கயிறு. ஒவ்வொரு காலையும் பறவையைத் தராசில் வைத்து நிறுப்பார்கள். கொஞ்சம் பசி மிஞ்சுகிற எடை ஒன்று உண்டு. அந்த எடையில் பறந்தால் விசில் சத்தத்துக்குக் கல்லாகக் கையில் வந்து விழும். வயிறு நிறைந்த வல்லூறுக்கோ மனிதனும் ஒன்றுதான், மின்கம்பமும் ஒன்றுதான்.

இது கிறகரிக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்து, மொன்ட்ரியால்-நோரில் ஒரு அறையில் ஒதுங்கி, லொங்குய்ய்க்கு வெளியே வயல்வெளியில் மார்சல் நடத்திய பறவைக் காட்சித் திடலில் கூடு கழுவச் சேர்ந்தவன். கழுவிக் கழுவியே பறவை ஏந்தும் கையுறை போட்டான். பிறகு ஒலிவாங்கி பிடித்தான். அவனுடைய பிரெஞ்சு இரண்டு வாக்கியத்துக்கு மேல் நொண்டும். சனம் அதற்கும் சிரித்தது. அது காட்சியின் ஒரு பகுதி என்று மார்சலும் பேசாமல் விட்டிருந்தான், இந்த வசந்தத்தில் றொஷினி வரும்வரை.

றொஷினி இங்கேயே, ரொக்ஸ்பரோவில் பிறந்து வளர்ந்தவள். மிருகப் பராமரிப்புப் படிப்பு, மூன்று மொழி, முத்துப் பல். வந்த மாதத்திலேயே திடலின் விலை உயர்ந்த பறவையான ராணியை அவள் கையில் கொடுத்தான் மார்சல். ஆடி கடைசியில் கிறகரியைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினான்.

"இனி எல்லாக் காட்சிக்கும் ஒலிவாங்கி றொஷினிக்கு. நீ பின்னால் நின்று உதவி செய். கூடு கழுவுவதில் உன்னை அடிக்க ஆள் இல்லை, கிறகரி!"

பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் அதிகம் சுட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் பூசை முடிந்ததும் அவனுடைய தேவாலயப் பங்குச் சனம் இரண்டு பஸ் பிடித்து வருகிறது. பங்கின் பெரியவர் செபமாலை அண்ணைதான் ஒழுங்கு செய்திருந்தார். "என்ர ஷோ", "என்ர பறவையள்" என்று கோயில் வாசலில் வருடக்கணக்காகக் கிறகரி அளந்ததை ஒருக்கால் கண்ணால் பார்ப்போம் என்று எல்லோருமாக வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு பெட்டை மைக்கில் கதைக்க, அவன் வாளியோடு நிற்கவேண்டும்.

அதனால்தான் காடை.

"மெர்சி அங்கிள்!" என்று ஓடிவந்த றொஷினி ராணியைக் கையுறையில் ஏற்றிக்கொண்டு அதே வேகத்தில் மேடைக்குத் திரும்பினாள். பேசிக்கொண்டே தொப்பியைக் கழற்றினாள். பேசிக்கொண்டே கையை உயர்த்தினாள். புடைத்த தொண்டை அவள் கண்ணில் பட்டபோது ராணி கையில் இல்லை.

ஒரு வட்டம் அடித்தாள் ராணி. கீழே றொஷினி இரைப்பொம்மையைக் கயிற்றில் சுழற்றினாள், விசில் ஊதினாள், கத்தினாள். ராணி திரும்பியும் பார்க்கவில்லை. உயர மின்கம்பங்களுக்கு மேலால் மிதந்து, புள்ளியாகி, இல்லாமல் போனாள். காலில் கட்டுகிற தேடற்கருவி பழுதாகி எத்தனையோ நாள். மார்சல் திருத்தித் தரவில்லை. அந்த நேரத்தில் அதை யார் நினைவுபடுத்துவது?

"உன் பறவை. உன் தராசு. உன் தவறு," என்றான் மார்சல்.

"நான் சரியாக நிறுத்துத்தான் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு யாரோ தீன் கொடுத்திருக்கிறார்கள்!" றொஷினி அதைப் பிரெஞ்சிலும் சொன்னாள், ஆங்கிலத்திலும் சொன்னாள்.

மார்சல் கிறகரியைப் பார்த்தான்.

"அவளுக்குக் கவனம் போதாது, மார்சல். நான் முன்பே சொல்ல நினைத்தேன்." அன்றைக்குக் கிறகரியின் பிரெஞ்சு நொண்டவில்லை.

அந்த நிமிடமே அவளுக்கு வேலை போயிற்று. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தவள், மார்சலுக்கு விளங்கக்கூடாது என்று தமிழுக்கு மாறினாள்.

"அங்கிள், எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"அளவைச் சொன்னால் அவளுக்கு எப்ப பசிக்கும் எண்டு கணக்குப் பாக்கலாம். எனக்கு உந்த வேலை வேண்டாம், நீங்களே வைச்சிருங்கோ. அவளைப் பிடிக்கோணும். பட்டினி கிடந்து இறகு கெட்டால் செத்துப்போவாள்."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றான் கிறகரி. வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

*

கிறகரிக்கும் ஒரு பிடிப்பு இருந்தது. அதன் பெயர் சின்னான்.

மைனா அளவு ஒரு சிறு வல்லூறு. நீலச் சிறகு, செம்பு முதுகு, கன்னத்தில் மை பூசியதுபோல இரண்டு கோடு. முட்டை உடைத்த அன்றிலிருந்து கிறகரிதான் இடுக்கியால் தீத்தி வளர்த்தான். குளிர்காலத்தில் தன் அறைக்கே கொண்டுவந்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். மனைவி பிள்ளை இல்லாத மனிதன், வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது "என்னடா, சாப்பிட்டியோ?" என்று கேட்கச் சின்னான் ஒருவன்தான். காலில் பித்தளைச் சலங்கை ஒன்று கட்டிவிட்டிருந்தான். திடலின் கடைசிக் கம்பத்திலிருந்து பறந்துவந்து, கிறகரியின் உதட்டில் இருக்கும் இறைச்சித் துணுக்கைக் கன்னத்தில் கீறல்படாமல் எடுத்துக்கொண்டு போவான் சின்னான். காட்சியில் அதிகம் கைதட்டு வாங்குவது அதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் றொஷினி தொலைபேசியில் வந்தாள்.

"அங்கிள், கண்டிட்டன்! திடலுக்குப் பின்னால பெரிய மின்கம்பத்தில இருக்கிறாள். தொண்டை வத்திப்போச்சு. தனிய வேட்டையாடிப் பழக்கமில்லை அவளுக்கு, நல்ல பசியில இருப்பாள். நாளைக்குக் காலமை என்னை உள்ள விடுங்கோ, நான் விசிலடிச்சு இறக்கிறன்."

கிறகரிக்கு ஞாயிற்றுக் காட்சிதான் நினைவில் வந்தது. காலையில் அவள் வந்து பறவையை இறக்கினால் மார்சல் என்ன செய்வான்? கட்டிப்பிடிப்பான். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுப்பான். பஸ் வருகிற நேரத்துக்கு!

"ஹலோ, அங்கிள்? அதுவரைக்கும் சின்னானை மட்டும் வெளியில எடுக்காதேங்கோ. எல்லாத்தையும் ஒரே விசிலுக்குத்தானே பழக்கியிருக்கு. நீங்கள் சின்னானுக்கு ஊத, அவளும் வருவாள். அவளுக்கு அவன் ஒரு வாய்க்கு."

"நீ பிறக்கமுந்தியே நான் பறவையோட நிண்டவன். எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

"படிப்பிக்கேல்லை. கெஞ்சிறன்."

தொலைபேசியை வைத்துவிட்டான். ஒரு பறவை வெளியே நிற்கும்போது இன்னொன்றைப் பறக்க விடக்கூடாது. இது இந்தத் தொழிலில் முதல்நாள் சொல்லித்தருகிற பாடம். அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் ஞாயிறு ஒரு நாள் கழிந்தால் போதும் என்று கணக்குப் போட்டான். திங்கள் காலை தானே விசிலடித்து ராணியை இறக்கினால், பறவையை மீட்டவன் என்ற பெயரும் அவனுக்குத்தான். இதற்கிடையில் ராணி பட்டினி கிடந்தால் கிடக்கட்டும்.

வாசல் காவலாளிக்கும் சொல்லிவைத்தான், "அந்தப் பெண்ணை உள்ளே விடாதே. மார்சலின் கட்டளை."

*

பஸ் இரண்டும் வந்து நின்றன. றோல்ஸ் பலகாரப் பெட்டிகளும், கதிரைகளும், செபமாலை அண்ணையின் தொப்பையுமாகச் சனம் இறங்கியது.

"டேய் கிறகரி! எங்கயடா உன்ர கழுகுப் பட்டாளம்?"

"பொறுங்கோ அண்ணை, எல்லாம் வரும்."

"உந்தக் குஞ்சோ? இதை நாங்கள் மன்னாரில கறி வைச்சிடுவம்!"

சனம் கொல்லென்று சிரித்தது. கையில் இருந்த சின்னான் சலங்கையை ஆட்டினான். கிறகரியும் சிரித்தான். இன்னும் பத்து நிமிடத்தில் இந்தச் சிரிப்பை அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு.

சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு மேடை ஏறினான். இரண்டு பஸ் தமிழ்ச் சனம் இருப்பதால் தமிழிலும் பேசச் சொல்லியிருந்தான் மார்சல். கிறகரிக்கு நாக்கு விடுதலை பெற்றது. ஆந்தையை நடக்கவிட்டான், பகிடி விட்டான். செபமாலை அண்ணையின் தலைக்கு மேலால் பருந்தைப் பறக்கவிட்டு அவரைக் குனிய வைத்தான். "அட, உண்மையிலேயே ஆள் கெட்டிக்காரன்தான்" என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது. அதற்காகத்தானே எல்லாம்!

வேலிக்கு வெளியே, வயல் பக்கமாக, றொஷினி நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறகரியும் ஒருதரம் மின்கம்பத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான். கம்பத்தில் இல்லாத வல்லூறு வானத்தில் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வாறது என்ர மகன்," என்றான். "பேர் சின்னான்."

சின்னானைக் கடைசிக் கம்பத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். உதட்டில் இறைச்சித் துணுக்கை வைக்கமுன் விசிலை எடுத்து மூன்று தரம் ஊதினான்.

"ஊதாதேங்கோ!" என்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் கிழிந்தது.

சின்னான் கிளம்பிவிட்டான். புல்லை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து, பாதித் திடலில் மேலெழுந்தான். சலங்கை கிணுகிணுத்தது. கிறகரி துணுக்கை உதட்டில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துக்கொடுத்து நின்றான். சீலை கிழிவதுபோல மேலே ஒரு சத்தம். நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் முகத்துக்கு ஒரு முழத்துக்கு முன்னால் சின்னான் இருந்த இடத்தில் நீல இறகுகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

ராணி புல்லில் இறங்கி, இரண்டு சிறகையும் குடையாக விரித்து இரையை மூடிக்கொண்டாள். அலகால் கழுத்தை ஒருதரம் நெரித்தாள்.

 பிறகு செபமாலை அண்ணை எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது.

"அப்படிப் போடு! இதெல்லோ ஷோ!"

கைதட்டல் இடியாக விழுந்தது. வெள்ளைக்காரர்களும் எழும்பி நின்று தட்டினார்கள்.

கிறகரி ஓடினான். குனிந்து இழுக்கப்போன கையை மார்சலின் குரல் நிறுத்தியது. ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "தொடாதே. பயந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பறவையின் விலை தெரியுமா உனக்கு? கையில் எடு. மெதுவாக."

கையில் எடுப்பதற்கு ஒரே ஒரு வழிதான். கொன்ற இரையைப் பிடுங்கினால் வல்லூறு பிறகு ஒருபோதும் மனிதனை அண்டாது. இரைக்குக் கீழே கையுறையைக் கொடுத்து, இரையோடு தூக்கி, கையில் வைத்தே தின்னவிடவேண்டும். வேலிக்கு வெளியிலிருந்து றொஷினியும் அதைத்தான் சொன்னாள்.

"இழுக்காதேங்கோ அங்கிள். சாப்பிட விடுங்கோ."

கிறகரி முழங்காலில் நின்றான். கையுறையைச் சின்னானின் கீழே செலுத்தினான். உடம்பு இன்னும் சுட்டது. ஒரு கால் துடித்து, சலங்கை ஆடியது. ராணி அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, தெரிந்தவன்தான் என்று கையுறைமேல் ஏறிக்கொண்டாள். அவன் எழும்பினான். சனத்துக்குத் தெரிந்தது, வானத்திலிருந்து விழுந்த பறவையைக் கையில் தாங்கி நிற்கும் வீரன் ஒருவன். கைதட்டல் இரட்டித்தது.

சட்டைக் கழுத்தில் ஒலிவாங்கி திறந்தேயிருந்தது. ராணி இறகு பிய்க்கும் சத்தமும், சின்ன எலும்புகள் நொறுங்கும் சத்தமும், ஒவ்வொரு இழுப்புக்கும் சலங்கை கிணுங்குவதும் திடலின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டன. பிள்ளைகள் சிலர் அழத் தொடங்கினார்கள். தாய்மார் காதைப் பொத்தினார்கள்.

"கிறகரி, இன்னொருக்கா விடடா!" என்று கத்தினார் செபமாலை அண்ணை. "மனிசி வீடியோ எடுக்கேல்லையாம்!"

மார்சல் சிரித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வேலிக்கு வெளியே றொஷினி ராணியின் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது மெல்ல மெல்லப் புடைத்தது. "சரி, இனி அவளுக்குப் பசியில்லை," என்று தனக்குள் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனின் காரை நோக்கி நடந்தாள்.

ராணி சின்னானின் ஒரு காலை மட்டும் மிச்சம் வைத்தாள். சலங்கை அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது. பிறகு, வயிறு நிறைந்து திருப்தியான வல்லூறுகள் எல்லாம் செய்வதுபோல, கிறகரியின் கையுறையில் அலகை இந்தப் பக்கம் ஒருதரமும் அந்தப் பக்கம் ஒருதரமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள்.