முப்பத்தோராம் பக்கத்துப் பெண்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை, இரண்டாம் பாடவேளையில், ஆங்கிலக் கதைப் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்திலிருந்த பெண் தரம் எட்டு வகுப்புக்குள் நடந்து வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். கையில் சிவப்புக் குடை ஒன்று இருந்தது. அதை விரிக்காமல், சுருட்டிப் பட்டியும் மாட்டி வைத்திருந்தாள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஜூன் மாதத்தில் நனையாமல் பள்ளிக்கூடம் வருகிறவர்கள் குறைவு. அதனால் பிள்ளைகள் பெரிதாகத் திடுக்கிடவில்லை. வாங்கிலிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி புத்தகத்தைப் புரட்டி, படத்தில் ரயில் நிலையமும் மழையும் மட்டும் மிச்சமிருப்பதையும், பெண் நின்ற இடம் வெள்ளையாகக் கிடப்பதையும் பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள். ஆசிரியை ரஜிதா மட்டும் கையில் வெண்கட்டியோடு அசையாமல் நின்றாள். அவள் அப்போதுதான் கரும்பலகையில் எழுதி முடித்திருந்த வாக்கியம், "இந்தப் பெண் ஒரு திருடி" என்பது.

ரஜிதா ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் மயில்வாகனத்தின் மகள். அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. ஆங்கிலத்துக்கு வேறு ஆள் இல்லை, ஹட்டனிலிருந்து வருகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பாடத்தை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். யாரோ நன்கொடையாகக் கொடுத்த கதைப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் குடையைப் பற்றிய கதை ஆறு பக்கம். முதல் வருஷம் அவள் இரண்டு பக்கம் வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் சொற்கள் பாறையாக வழிமறித்தன. யாரிடமாவது கேட்டிருக்கலாம். டீச்சருக்கே தெரியாதா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்ற பயத்தில் கேட்கவில்லை. டியூஷன் வாத்தியார் ஒருவரின் கையெழுத்துக் குறிப்பைப் பிரதியெடுத்து வந்தாள். கதையின் கரு, பாத்திரத்தின் குணம், கதை தரும் படிப்பினை எல்லாம் அதில் தயாராக இருந்தன. பெண் திருடி. படிப்பினை, திருடினால் அவமானம். ஒன்பது வருஷம் ஒன்பது வகுப்புகள் அதை மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்கின. அந்தப் பெண் ஏன் ஒன்பது வருஷம் பொறுத்திருந்தாள் என்பதை ஊரில் யாரும் ஆராயவில்லை.

அவளிடமிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை வாளித் தண்ணீர் வடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கடைசி வரிசைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வாங்கின்மேல் வைத்துக்கொண்டு படித்தார்கள். பள்ளி அதிபர் கந்தப்பன் வந்து பார்த்தார். வயதான மனிதர், கூரை பறந்ததையும் மண்சரிவையும் இதே முகத்தோடுதான் பார்த்தவர்.

"இடாப்புல பேர் போடணுமா டீச்சர்?"

"தெரியல சேர்."

"எதுக்கு வந்திருக்காங்களாம்?"

"தெரியல சேர்" என்றாள் ரஜிதா மறுபடியும். முதல் தடவை சொன்னது உண்மை; இரண்டாம் தடவை சொன்னது பொய்.

அவர் ஒரு வாளியும் நிலம் துடைக்கும் துணியும் கொடுத்தனுப்பினார். பெண் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி, குடையை மடியில் கிடத்தி, அதன்மேல் தண்ணீர் படாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் ரஜிதாவுக்குப் பிரியந்தியின் ஞாபகம் வந்தது.

2017இல் பிரியந்திக்குப் பதின்மூன்று வயது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த, கொழுந்து பறிக்கும் காளியாயியின் மகள். தவணைப் பரீட்சையில், குறிப்பில் உள்ளதை எழுதாமல், "அவள் திருடி இல்லை, காத்திருக்கிறாள்" என்று பிழையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ரஜிதா அதை வகுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு ருசித்ததால் இன்னொன்றும் சொன்னாள். "ஒங்க லயத்துல களவெடுத்தா அதுக்குக் காத்திருக்கிறதுன்னுதான் பேரோ?" பிரியந்தி நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தபடி பாடம் முடியும்வரை எழுந்தே நின்றாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. தோட்டப் பிள்ளைகள் இடையில் நின்றுபோவது புதிதில்லை என்று ரஜிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

நனைந்த பெண் வந்த அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்டபின், ரஜிதா அகராதியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். ஆறு பக்கத்துக்கு மூன்று பின்னேரங்கள் பிடித்தன. கதையில் திருட்டு எங்கேயும் இல்லை. ரயிலேறிப் போன யாரோ ஒருவர் நிலையத்து இருக்கையில் குடையை மறந்துவிட்டுப் போகிறார். இந்தப் பெண் அதை எடுத்து வைத்துக்கொண்டு, உரியவர் திரும்பி வருவாரென்று தினமும் நிலையத்துக்குப் போகிறாள். அடுத்தவர் பொருளை விரிக்கக்கூடாது என்று, குடையைக் கையில் வைத்துக்கொண்டே மழையில் நனைகிறாள். ஊர் அவளைத் திருடி என்கிறது. கடைசி வரி, மறுநாளும் அவள் போனாள் என்பது. அந்த வரியைப் படித்தபோது ரஜிதாவின் காதுகள் பற்றி எரிந்தன. தலை நிமிர்ந்து எதிரே பார்க்க முடியவில்லை.

மறுநாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, இந்தக் கதையை நான் இதுவரை முழுசாகப் படித்ததில்லை என்று வகுப்பில் சொன்னாள்.

"அப்ப நோட்ஸ்ல இருக்கிறது டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி.

"பிழை."

"பரீட்சைக்கு எத எழுதுறது?"

"படிச்சுட்டு ஒங்களுக்கு என்ன தோணுதோ அத எழுதுங்க. எந்த வரிய வச்சு சொல்றீங்கன்னு காட்டுங்க. நானும் காட்டணும்."

அன்றைக்கு நாற்பது நிமிஷத்தில் அரைப் பக்கம்தான் ஓடியது. அகராதி கை மாறிக் கை மாறிப் போனது. தண்ணீர் வடிவது நிற்கவில்லை.

சனிக்கிழமை ரஜிதா பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினாள். காளியாயியும் பிரியந்தியும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் பேசிப் பழகியது எதுவும் வாயில் வரவில்லை. "பிரியந்தி, நீ எழுதினதுதான் சரி. நான் படிக்காமலே ஒன்னயப் பேசிட்டேன்" என்றாள். பிரியந்தி கையை நிறுத்தவில்லை. "அதெல்லாம் மறந்துபோச்சு டீச்சர்."

"மறக்கல" என்றாள் காளியாயி. "அந்தக் கெழமயெல்லாம் இவ சோத்துல கைய வைக்கல. என்ன நடந்துச்சுன்னு மத்தப் புள்ளைங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். எல்லாருக்கும் முன்னாலதானே பேசுனீங்க? இதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. பெரட்டுல வந்து சொல்லுங்க."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பேர் கூப்பிட்டு முடிக்கும்வரை ரஜிதா ஓரமாக நின்றாள். பிறகு முன்னால் போய்ச் சொன்னாள். என்ன கதை, என்ன குடை என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. லயத்தைப் பற்றித் தான் சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னபோது எல்லாருக்கும் புரிந்தது. ஒருவர் காறித் துப்பினார். ஒரு பெண், "படிச்சவங்களே இப்பிடின்னா" என்று பாதியில் நிறுத்தினாள். மன்னிச்சுக்கோ என்று கேட்க ரஜிதாவுக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது பிரியந்தி கிட்டே வந்தாள். "அன்னைக்கு நான் நாலு பக்கந்தான் படிச்சிருந்தேன் டீச்சர். அப்பறம் புத்தகம் கெடைக்கல. குடைக்காரங்க வந்தாங்களா?"

"வரல. ஆனா மறுநாளும் அவ போனா."

பிரியந்தி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். "போவா" என்றாள். பிறகு மலைக்கு ஏறிப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் திரும்பவில்லை. அதற்கான வயது தாண்டிவிட்டது. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் இன்னும் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். தண்ணீர் இப்போது நாளுக்கு அரை வாளி. முறை வைத்துப் பிள்ளைகள் துடைக்கிறார்கள். மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகள் கூரை ஒழுகுவதாக எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு ஜனவரியும் தரம் எட்டுக்கு வரும் புதுப்பிள்ளைகள் அது யாரென்று கேட்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டீச்சர் படிக்காம விட்டவங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரஜிதா அதைக் கேட்டபடியே முகம் சிவக்க நின்று, ஆமாம் என்று சொல்லி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவாள்.