கஸ்டமர் கையெழுத்து

என் வீட்டுக்காரரைத் திட்ட நான் காரணம் தேட வேண்டியதே இல்லை. அவரே அதைத் தாளில் எழுதி, நம்பர் போட்டு, ஃபைலில் வைத்திருப்பார்.

பெயர் ராஜசேகர். ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முடியளவு வித்தியாசம் இருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் எங்களுக்கென்று கட்டிய வீடு வரைபடத்தில் இருக்கிற மாதிரி இல்லை என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

மூன்று குற்றம். மூன்றும் படுக்கை அறையில். மேற்கில் இருக்க வேண்டிய ஜன்னல் வடக்கில் இருக்கிறது. மேற்குச் சுவர் நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவராக எழுந்திருக்கிறது. அதற்கு மேல் வெயில் மறைப்பு இரண்டு அடிக்குப் பதில் மூன்றேகால் அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது நாளுக்குள் வரைபடத்தில் உள்ளபடி மாற்ற வேண்டும், அல்லது நேரில் வந்து விளக்க வேண்டும். நாங்கள் குடிபோக நாள் குறித்ததோ அந்தக் கடிதம் வந்த இருபதாம் நாள்.

"யாரைக் கேட்டு மாத்துன?" என்றேன்.

"உன்னத்தான். பதினாலு டிவியேஷன் நோட்டுலயும் நீ சைன் போட்டிருக்க."

அவர் கம்பெனியில் அது வழக்கமாம். வரைபடத்துக்கு மாறாக ஒரு பீஸ் செய்ய நேர்ந்தால், என்ன மாற்றம், என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதிக் கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குவார்கள். கஸ்டமர் ஒப்புக்கொண்டால் பீஸ் பாஸ். இந்தப் புண்ணியவான் வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். வீட்டுக்குக் கஸ்டமர் நான். மேஸ்திரி கங்கப்பன் தயங்கியபோதெல்லாம் என் கையெழுத்தைக் காட்டியே வேலை வாங்கியிருக்கிறார்.

நான் படித்துப் பார்த்தா போட்டேன்? எனக்கு வருஷம் முழுக்க நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற நேரமாகப் பார்த்துத் தாளை நீட்டுவார். சிமெண்ட் சமாச்சாரமாக இருக்கும் என்று கிறுக்கிவிட்டு ஓடுவேன். அவருக்கு முதல் ஷிப்ட். நான் காலையில் வந்து சமையல், துணி எல்லாம் முடித்துப் படுக்கப் பன்னிரண்டாகும். வாடகை வீடு மேற்குப் பார்த்த ஒற்றை அறை. அவர் இரண்டரைக்கு வரும்போது நான் புரண்டுகொண்டிருப்பேன். போன ஏப்ரலில் வெப்பம் அளக்கிற கருவி ஒன்றைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து தினமும் சுவருக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். "செவுத்துக்குக் காய்ச்சலா?" என்று கத்தினேன். அவர் பாட்டுக்குக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யூனியன் ஆபீஸுக்கு இரண்டு பேருமே போனோம். என்ஜினியர் பெயர் மேகலா. எங்களைவிடச் சின்ன வயசு. இவர் ஃபைலை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார்.

"எல்லாத்துக்கும் கஸ்டமர் அப்ரூவல் இருக்குதுங்க மேடம்."

"கஸ்டமர் யாருங்க?"

இவர் என்னைக் காட்டினார். எனக்கு மானமே போயிற்று.

"வீட்டம்மா சைன் போட்டா பத்தாதுங்க சார். மாத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"உடைச்சுடறோம் மேடம்," என்றேன் நான். "ஜன்னல மேற்காலயே வெச்சுடறோம். குறிச்ச நாள்ல குடிபோனாப் போதும்."

இவர் முகம் தொங்கிப்போயிற்று. அதற்குள் என்ஜினியர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளில் நின்றார். பிறகு உரக்கப் படித்தார்.

"நோட் நம்பர் மூன்று. மாற்றம்: மேற்கு ஜன்னலை எடுத்து வடக்கில் வைப்பது. காரணம்: ஏப்ரல் ஒன்பது, வாடகை வீடு, மதியம் மூன்று மணி, மேற்குச் சுவர் நாற்பத்தொரு டிகிரி. ஜோதி மூன்று பத்துக்கு எழுந்தாள். மூன்றரைக்கு எழுந்தாள். நான்கு மணிக்கு ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டாள்."

அடுத்த தாள் ஏப்ரல் பத்து. அதற்கடுத்தது பதினொன்று. ஜன்னல், சுவர், மறைப்பு என்று மாற்றம் மாறி மாறி வந்தாலும், காரணம் என்று பதினான்கு தாளிலும் சுவரின் சூடு. பதினான்கிலும் நான் எழுந்த நேரம்.

"ஜோதிங்கறது?"

"நான்தாங்க," என்றேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து என் தூக்கத்தை எழுதியிருக்கிறார், ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் என்னவாம்?

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "மேடம், உடைக்க முடியாதுங்க."

"இப்பதானே உடைக்கறேன்னீங்க?"

"அது அப்போங்க."

என்ஜினியர் சிரித்துவிட்டார். "வீடு சூடாவாம கட்டறதுக்குன்னு விதிப்புத்தகமே இருக்குது, ஒருத்தரும் புரட்டறதில்ல. சார் புரட்டாமலே கட்டியிருக்கார், ஆனா கேக்காம கட்டியிருக்கார். ஜன்னலும் சுவரும் திருத்தின ப்ளான்ல போயிடும், போட்டுக் குடுங்க. மேல நீட்டிக்கிட்டு இருக்கறது மட்டும் ஆகாது. பக்கத்துல காலி இடம் விட்டே ஆவணும், ரெண்டு அடிக்கு மேல இருக்கறத வெட்டிடுங்க."

"ஒண்ணேகால் அடி போச்சுன்னா மூணு மணி வெயில் நேரா சுவத்துல விழும் மேடம்." தன் கையை வெட்டச் சொன்ன மாதிரி இருந்தது இவர் குரல்.

"கம்பி கட்டி அவரக்கொடி ஏத்திவுட்டா?" என்று நான் கேட்டேன்.

"அவரக்கொடிக்கு எங்ககிட்ட அப்ரூவல் வாங்க வேண்டாங்க. நல்லா ஏத்துங்க."

திருத்திய வரைபடம் கொடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கங்கப்பன் மெஷினோடு வந்து வெட்டினார். இவர் கீழே டேப்பைப் பிடித்துக்கொண்டு, விழுகிற ஒவ்வொரு துண்டையும் பார்த்தபடி நின்றார். நான் சுவரோரம் அவரைக்கொடிக்கு விதை ஊன்றி, கையைக் கழுவிக்கொண்டு, அவர் ஃபைலிலிருந்து ஒரு வெற்றுத் தாளை உருவினேன். நோட் நம்பர் பதினைந்து. மாற்றம்: ஒன்றேகால் அடிக்குப் பதில் அவரைக்கொடி. காரணம் என்கிற கட்டத்தில் எழுதினேன்: 'ஜோதி தூங்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்க்கிறவரும் தூங்க வேண்டும்.'

கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

"தேதி போடல," என்றார்.

வாங்கித் தேதி போட்டேன்.