பூட்டுக்காரர் வீடு திரும்பிய காலை

இடது கால், இடது காலைத்தான் பூட்டுக்காரன் லேசாக இழுத்து நடப்பான், அதுவும் எப்போதும் இல்லை, மேடேறும்போது மட்டும், நேற்று சாயங்காலம் காவலர்கள் கூட்டிவந்தபோது ஜன்னலிலிருந்து அதைக் கவனித்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் எனக்கு உடம்பு மட்டும்தான் வரும், பழக்கம் வராது. கடைவாய்ப் பல்லின் குடைச்சல் வரும், கட்டைவிரலில் அரம் கிழித்த தழும்பு வரும், கண்ணின் மங்கல் வரும், ஆனால் இந்தச் சந்தில் யாருக்குத் தலையசைப்பான், யாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், மனைவியை என்னவென்று கூப்பிடுவான்... ஒன்றும் வராது, அதையெல்லாம் நானே பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தையல்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை மழைக்கு மாற்றினார்கள், வருமா வராதா, வந்தால் நிற்குமா... இந்த ஊரில் இத்தனை பேர் இத்தனை அக்கறையாக மழையைப் பற்றிப் பேசுவது என்னால்தான். ஊரை ஆளுகிற நான் இருப்பது மலைமேல் என்பதால் எனக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர், யார் உருவத்தில் வேண்டுமானாலும் வருவேன், யார் வீட்டிலும் உட்காருவேன் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அமைச்சர் ஒருவர் ஒரு மாதம் முழுக்கத் தன் வீட்டுப் பூனைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மனித உருவம் தவிர வேறெதுவும் என்னால் எடுக்க முடியாது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பூனைக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற நாளாக இருந்தால் இந்த நினைப்புக்கே சிரிப்பு வந்திருக்கும். மேடு முடியும் இடத்தில் நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைப் போட்டு முறுக்குவது போல இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்த நெஞ்சு, இதே நெஞ்சுதான் காலையில்...

நான் கொல்லவில்லை. யார் கேட்டார்கள், யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விடிந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று மலைவாசல் பெட்டியில் பெயரில்லாத கடிதம் கிடந்தது, பூட்டுக்காரன் மேல்வீட்டுக்காரரின் படுக்கையறைக்குச் சாவி செய்கிறான், நாளை மதியம் ஓர் ஆள் அவன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வான் என்று கோணல்மாணலான எழுத்தில் மூன்றே வரி. பிடித்துவரச் சொன்னேன், கீழறையில் உட்கார வைத்து நானே கேட்டேன், யாருக்குச் சாவி, யார் சொல்லி, எத்தனை பேர்... தெரியாதுங்க, தெரியாதுங்க, அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு என்னிடம் ஒரே வழிதான், அவர்கள் கண்ணெதிரே அவர்களாகவே மாறி உட்கார்ந்துவிடுவேன், தன்னையே எதிரில் பார்த்தவன் எவனும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அவனும் பார்த்தான், என் கையைப் பார்த்தான், கட்டைவிரல் தழும்பைப் பார்த்தான், பிறகு முகத்தை, பிறகு தன் சட்டைப் பையைத் தடவித் தடவி எதையோ தேடினான், நெஞ்சைச் சுட்டிக் காட்டினான், நடிக்கிறான் என்று நினைத்தேன், ஏனென்றால் நானாக இருந்தால் அப்படித்தான் நடித்திருப்பேன். வைத்தியர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "முடிஞ்சு போச்சுங்க, நெஞ்சுதான்" என்றார், என்னைப் பார்த்துச் சொன்னாரா தரையில் கிடந்தவனைப் பார்த்துச் சொன்னாரா... இரண்டும் ஒரே முகம். எத்தனை பேரைக் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறேன், எத்தனை பேரைக் கீழே அடைத்திருக்கிறேன், ஆனால் ஒரு உயிர் இப்படி என் எதிரில் போனதில்லை. காவல் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "நீங்களே போகணுங்களா, வேற யாரையாவது அனுப்பலாமே." சாவி வாங்க வருகிறவனுக்குப் பூட்டுக்காரன் வேண்டும், பூட்டுக்காரன் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறான், நான் போகாமல் யார் போவது. எதிர்வீட்டு மாடிப்படியில் நாலு பேரோடு அவர் உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு, ஆள் வந்ததும் நான் ஜன்னல் திரையை விலக்க வேண்டும், அவ்வளவுதான், மதியத்துக்குள் முடிந்துவிடும்.

முன்கட்டில் பட்டறை, பின்கட்டில் குடித்தனம், உள்ளே கால் வைத்ததும் எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாசனை, அதற்குப் பின்னால் வேகவைத்த உருளைக்கிழங்கின் வாசனை. அவன் மனைவி ஓடிவரவில்லை. சட்டைக் காலருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து நின்றாள், என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் இருந்தது அழுகை இல்லை, இன்னதென்று எனக்குப் பிடிபடவில்லை. "விட்டுட்டாங்களா" என்றாள், ம் என்றேன், ஒற்றை எழுத்து, எந்தப் புருஷனுக்கும் பொருந்துகிற பதில். "அடிச்சாங்களா." இல்லை என்று தலையை ஆட்டினேன். "உக்காருங்க, சாப்பாடு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நகராமலேயே நின்றாள், ஒரு விரலை நீட்டி என் சட்டைக் கையைத் தொட்டாள், சூடாக இருக்கிறதா என்று பாத்திரத்தைத் தொடுவது போல, பிறகு உள்ளே போனாள். என்ன பெண் இவள், புருஷன் ஒரு ராத்திரி கீழறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறான், யார் எவர் என்ன கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே... ஒருவேளை இவளும் உடந்தையோ, சாவி எங்கே இருக்கிறது என்று இவளுக்குத் தெரியுமோ. எத்தனை வீடுகளில் எத்தனை பேராக உட்கார்ந்திருக்கிறேன், மாமனாராக, ஓரகத்தியாக, சித்தப்பாவாக, முதலில் இந்த ஊருக்கு வந்தபோது மூன்று பெரிய குடும்பங்கள் ஒன்றையொன்று விஷம் வைத்துக் கொன்றுகொண்டிருந்தன, மூன்று வீட்டுப் பந்தியிலும் மாறி மாறி உட்கார்ந்து எந்தக் கிண்ணத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொன்னவன் நான்தான், அதற்குப் பிறகு இங்கே யாரும் விஷத்தில் சாகவில்லை, அது பொய்யா, அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்.

பட்டறையில் தேடினேன். அரங்கள், ரம்பம், பிடிகருவி, பாதி அறுத்த பித்தளைத் தகடு, எல்லாம் பள்ளிக்கூடத்து அலமாரிப் பூட்டுகள், ரொட்டிக்கடைப் பூட்டு, ஒவ்வொன்றிலும் நூல் கட்டி யாருடையது என்று சீட்டு, என் அறைக்கான சாவி எதுவும் இல்லை. மேசையின் இழுப்பறைக்குள் பழந்துணியில் சுற்றி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது, கழுத்தில் வைத்தியரின் சீட்டு, என் வைத்தியர் இல்லை, கீழ்த்தெருவில் ஒருவர் இருக்கிறாரே அவர், நெஞ்சு வலித்தால் நாக்கடியில் இரண்டு சொட்டு, பாரம் தூக்கக் கூடாது, மேடேறக் கூடாது, கோபப்படக் கூடாது. ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி. துணிக்குள், இழுப்பறைக்குள், அரங்களுக்கு அடியில்... மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். காலையில் சட்டைப் பையில் தேடியது இதைத்தான். நடிப்பு என்று நினைத்தேனே. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன், இரண்டு சொட்டு, இரண்டே சொட்டு, கேட்டிருந்தால் ஒரு ஆளை ஓடவிட்டு எடுத்துவரச் சொல்லியிருக்க மாட்டேனா... மாட்டேன், அதில் விஷம் இருக்குமோ என்று முதலில் யோசித்திருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா.

வெயில் ஜன்னல் கட்டையைத் தாண்டி மேசைக்கு வந்துவிட்டது, மதியமாகிவிட்டது, வாசலில் யாரும் வரவில்லை. அவள்தான் வந்தாள், தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், வைத்துவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள், நான் குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். "ஒண்ணு சொல்லணும்" என்றாள், "சொன்னா கோவிச்சுக்குவீங்க, கோவிச்சுக்குங்க, பரவாயில்ல. அந்தக் கடுதாசிய நான்தான் போட்டேன். எடது கையால எழுதினேன்." ஊசி குத்திய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே பேசினாள், தரையைப் பார்த்துப் பேசினாள். "பதினெட்டு வருஷமா ஏய்னு கூப்பிட்ட மனுஷன் திடீர்னு இங்க பாரும்மாங்கறீங்க. தலை வலிக்குதா, நான் தண்ணி எடுத்துட்டு வரட்டுமாங்கறீங்க. கத்தறதே இல்ல. ஒரு மாசமா எனக்கு முதுகெல்லாம் சில்லுனு கெடக்கு. இது அவர் இல்ல, மேல்வீட்டுக்காரர்தான் வந்து உக்காந்திருக்காருன்னு முடிவே பண்ணிட்டேன். பக்கத்துல படுக்கவே பயம். எப்படித் தெரிஞ்சுக்கறது, சொல்லுங்க. கடுதாசி போட்டா ஆள் வருவாங்க. மேல்வீட்டுக்காரரா இருந்தா தன்னைத்தானே பிடிச்சிட்டுப் போவச் சொல்லுவாரா? பிடிச்சிட்டுப் போனா நீங்க நெஜம்." மதியம் ஆள் வருவான் என்று எழுதியது... என்று இழுத்தேன். "அது சும்மா. அப்பதான் நம்புவாங்கன்னு."

அப்படியானால் நான் உள்ளே வந்தபோது அவள் முகத்தில் இருந்தது... அவளே சொன்னாள். "உங்களை இழுத்துட்டுப் போறாங்க, நான் கதவப் புடிச்சிட்டு அழறேன், உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நெஜமாவே மாறியிருக்காரு, அவரேதான், அவராவேதான் மாறியிருக்காருன்னு. ராத்திரி பூரா உக்காந்து சிரிச்சேன், அழுதேன்." பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருவர் என்னை இப்படிச் சந்தேகமே இல்லாமல் பார்த்தது... இல்லை, என்னை இல்லை. பிடித்துக்கொண்டு போனவனைத் திருப்பி அனுப்பும்போது வேறு ஆளாக அனுப்பலாமே, அடுத்த படி அதுதானே, அதை அவள் யோசிக்கவில்லையா, யோசிக்க இனித் தெம்பு இல்லையா. தெரியாதுங்க தெரியாதுங்க என்று அவன் சொன்னது... அவர் சொன்னது, இனி அவன் என்று நினைக்க வரவில்லை, அது முழுக்க உண்மை, அவரிடம் பதிலே இல்லாத கேள்வியை விடிய விடியக் கேட்டிருக்கிறேன். ஏன் மாறினார், கோபப்படக் கூடாது என்று வைத்தியர் சொன்னதாலா, இல்லை, இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்ததும் இவள் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாரா, அதை எங்கே போய் யாரிடம் கேட்பது. சொல்லிவிட வேண்டும், இப்போதே, அவருடைய வாயாலேயே... "கோவமா" என்றாள். இல்லம்மா என்றேன். அந்த ம்மா தானாக வந்துவிட்டது, அதைக் கேட்டதும் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "எனக்கு இந்த வழியச் சொல்லிக்கொடுத்ததே பொத்தான்காரர் சம்சாரம்தான். அவளுக்குத் தண்ணிக் குழாய்கிட்ட யாரோ சொன்னாங்களாம். அவ வீட்டுக்காரரைப் பத்தி எழுதிப் போட்டு ஒம்பது நாளாச்சு. நெஜம்னு தெரிஞ்சதுல அவளுக்கு நிம்மதிதான், ஆனா ஆள் இன்னும் வரலையேன்னு பொலம்பறா. கீழ நீங்க அவரைப் பாத்தீங்களா?" பார்த்தேன். வழுக்கைத் தலை, வலது காதில் மடல் கிழிந்திருக்கும், அவர் பெயருக்கு எதிரே என் கையாலேயே பிடிவாதக்காரன் என்று எழுதினேன். தண்ணிக் குழாய்கிட்ட யாரோ சொன்னார்கள்... வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் விழுந்துகொண்டிருந்த பெட்டி கோடையிலிருந்து தினமும் நிரம்பியது, பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்கச் சொன்னேன், சதி பெருகிவிட்டது என்று காவலை இரட்டித்தேன், கீழே மலையைக் குடைந்து இன்னும் ஐந்து அறைகள் வெட்டினேன், எல்லாவற்றிலும் தெரியாதுங்க, தெரியாதுங்க. எல்லாம் கோணல்மாணலான எழுத்து. எத்தனை மனைவிகள், எத்தனை அம்மாக்கள், எத்தனை பிள்ளைகள் இடது கையால் எழுதி... யாராவது ஒருவராவது நிஜமாகவே எனக்கு எதிராக எதையாவது செய்திருக்கிறார்களா, ஒருவராவது?

எழுந்துவிட்டேன். "நான் போய்ப் பொத்தான்காரரைக் கூட்டிட்டு வரேன்" என்றேன், அவள் பயந்து போய்க் கையைப் பிடித்தாள், "நீங்க சொன்னா விடுவாங்களா? திரும்ப உங்களை வெச்சுக்கிட்டா?" விடுவாங்க என்றேன், என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க என்றேன். "சாப்பிட்டுட்டுப் போங்க." நின்றபடியே இரண்டு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பொத்தான்காரர் அவர் வீட்டுக்குப் போவார், மற்றவர்களும் போவார்கள், சாயங்காலத்துக்குள் கீழறைகளைக் காலி செய்துவிட என்னால் முடியும், ஒரு அறையில் மட்டும் போர்வை போர்த்தி... அதை என்ன செய்வது, இந்த உடம்பிலேயே திரும்பி வருவதா, வராமலே இருப்பதா, தூக்கி வரச்சொல்லி வாசலில் வைப்பதா, மூன்றும் ஒன்றைவிட ஒன்று மோசம். அவள் என் காலரைச் சரி செய்துவிட்டு, "மெதுவா போங்க, அவசரமில்ல" என்றாள். தெருவில் இறங்கினேன், எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்த காவல் தலைவர் கண்ணால் என்னவென்று கேட்டார், நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஏனென்றால் இந்த ஊரில் எந்த வாசலைத் தாண்டினாலும் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும், பட்டப்பகலிலும் கேட்கும், என் காதுக்கு அது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவள் உள்ளே போய்விட்டிருந்தாள், தட்டுக் கழுவுகிற சத்தம் வந்தது, கதவு சுவரோடு சுவராக விரியத் திறந்து கிடந்தது, அவர் வரும்வரை அவள் அதைச் சாத்தப்போவதில்லை.