ஜோசப் ஆனந்துக்கு ஒரு சோகம் தேவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் டெம்போவில் கிடைத்தது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி முத்தியால்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பழைய சோகப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார். அவள் போய்விட்டாள், இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்கிற வகை. சிக்னலில் வண்டி நின்றபோது தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார். பச்சை விழுந்ததும் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டார்.

இறங்கும்போது, நாகரிகம் இல்லாமல், காரணம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன். பாட்டு நல்லா இருக்குது, அவ்ளோதான்."

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படிச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு காரணம் தேட ஆரம்பித்தேன்.

2

ஜோசப் ஆனந்த் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த உரிமையில் இனி 'அவன்'. வயது நாற்பத்தொன்று, வீடு முதலியார்பேட்டையில். மனைவி லினெட் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் உண்டு.

முதல் தொடக்கம்: "ஜோசப் ஆனந்தின் தம்பி கடலுக்குப் போன அன்று காற்று"

(நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டுக்காக ஒரு தம்பியைச் சாகடிப்பது கொஞ்சம் அதிகம்.)

இரண்டாவது தொடக்கம்: "பதினெட்டு வருடத்துக்கு முன் அகஸ்டினா என்றொரு பெண் இருந்தாள். சொல்தா வீட்டு* மாப்பிள்ளை வந்தான். அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஜோசப் ஆனந்த்"

(இதையும் அடித்துவிட்டேன். புதுச்சேரியில் தடுக்கி விழுந்தால் இந்தக் கதைமேல்தான் விழவேண்டும்.)

* பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அவர்கள் வீட்டில் பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் பிரான்சுக்குப் போகலாம். அப்படி ஒருவர் போகும்போது பெரும்பாலும் இன்னொருவர் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

3

துக்கம் உள்ளவனுக்குத்தான் சோகப் பாட்டு என்று நானும் நம்பியிருந்தேன். அப்படியானால் துக்கமே இல்லாதவன் ஏன் அழுகிறான்? அழும்போது உடம்பில் ஏதோ சுரந்து ஆறுதல் தருகிறது என்று எங்கோ படித்தேன். அது என்ன என்பது மறந்துவிட்டது. என் சொந்தக் கருத்து வேறு. பாட்டில் இருப்பது அடுத்தவர் துக்கம். அதில் ஒரு ரவுண்டு போய்விட்டு, ஏறின இடத்திலேயே பத்திரமாக இறங்கிக்கொள்ளலாம். ஜோசப் ஆனந்த் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். அழுது முடித்ததும் அவனுக்கு நன்றாகப் பசிக்கும்.

4

கெட்ட நேரம், லினெட்டோடு வேலை பார்க்கும் கார்குழலி ஒருநாள் அந்த டெம்போவில் ஏறிவிட்டாள். மறுநாள் கவுண்டரில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

லினெட்டுக்கு இது புதுச் செய்தி. வீட்டில் அவள் சோகப் பாட்டை ஓடவிடுவதே இல்லை. டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். அன்று அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நீங்க நெனச்சு அழுவுறீங்களே, அவ."

"யாரும் இல்ல லினெட். பாட்டு நல்லா இருக்குது."

"பதினாறு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கேன். பேரைச் சொன்னா போதும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்ல அவனிடம் பெயர் இல்லை. அன்று முதல் அவள் மகளோடு ஹாலில் படுத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அறிவித்தாள். சொன்னால் செய்கிறவள். லினெட்டை ஜோசப் ஆனந்துக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் இல்லாத வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதை நினைத்துப் பார்த்தான், முடியவில்லை.

(நீங்களும் லினெட் பக்கம்தான். காரணம் இல்லாமல் ஒருவன் அழுவதைக் கதையில் நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள்.)

வேறு வழியின்றி அவன் என் குப்பைக் கூடையைக் கிளறினான். தம்பி உதவமாட்டான். அவன் உயிரோடு இருப்பதும் மாதம் ஒருமுறை சாப்பிட வருவதும் லினெட்டுக்குத் தெரியும். அகஸ்டினாவை எடுத்துக்கொண்டான்.

5

சனிக்கிழமை மாலை மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டான்.

"சாமி, பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

சாமியார் தட்டியின் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார்.

"சொல்லாத பொய்க்கு மன்னிப்பு கெடயாதுப்பா. சொல்லாமலே இருந்துடேன்."

"சொல்லலன்னா அவ போயிடுவா சாமி."

"சொன்னப்புறம் வா, பார்ப்போம்."

இதை அவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

6

ஞாயிறு மாலை நான்கு மணி. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். லினெட் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பை ஒன்று கட்டி வாசலருகே இருந்தது. அவன் எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான்.

நான் எழுதியதைவிட நன்றாகவே சொன்னான். "பேரு அகஸ்டினா. கல்யாணத்துக்கு முன்னாடி. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ள வந்தான், வீட்ல முடிச்சிட்டாங்க. விசா வர ஆறு மாசம் ஆச்சு. அந்த ஆறு மாசமும் தெனம் அவளைத் தெருவுல பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்." (அந்த ஆறு மாதம் என்னுடையது அல்ல. அவனே சேர்த்துக்கொண்டது.) சொல்லச் சொல்ல அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இல்லாத பெண்ணுக்காக ஒழுங்காக அழுதான்.

லினெட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போற அன்னைக்குப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வேன்ல ஏறினா. பின் சீட்டு."

"பின் சீட்டா?"

"ஆமா."

"முன் சீட்டுலதான உட்காருவாங்க. பின்னாடின்னா அம்மா பக்கத்துல உட்காரணும், அழுகை வந்துடும்." நறுக்கிய காயை ஒருபக்கமாக ஒதுக்கினாள். "அவரு முன் சீட்டுலதான் உட்கார்ந்தாரு. திரும்பியே பார்க்கல."

ஜோசப் ஆனந்துக்கு உடனே புரியவில்லை.

"யாரு?"

"உங்களுக்கு அகஸ்டினா எப்படியோ அப்படி. சொல்தா வீட்ல பொண்ணு எடுத்தாங்க, போயிட்டாரு. இத்தன வருஷமா உங்ககிட்ட மறைச்சது துரோகம் மாதிரியே இருந்துச்சுங்க. உள்ளயே வச்சுக்கிட்டு கெடந்தேன். இப்ப பரவால்ல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தேநீர் போட்டு வந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அவனுக்கு நெஞ்சில் ஏதோ முறிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7

முடிவுகள்:

(அ) உண்மையைச் சொல்லிவிடுகிறான். அகஸ்டினா என்று யாரும் இல்லை. அப்படியானால் அந்த வேன் புறப்பட்ட தெருவில் லினெட் மறுபடியும் தனியாக நிற்கவேண்டும், இந்த முறை புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க. எழுதினேன். கிழித்துவிட்டேன்.

(ஆ) அவன் கோயிலுக்குப் போகிறான். சாமியார் மன்னிப்பதாக இருந்தால் (அ)-வைச் செய்யச் சொல்வார்.

(இ) லினெட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "அந்தப் பாட்டைப் போடுங்க. ரெண்டு பேரும் கேப்போம்."

அவன் போனில் போடுகிறான். பல்லவி வந்ததுமே லினெட் அழுகிறாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், மறைக்காமல், அத்தனை வருடத்தையும் சேர்த்து அழுகிறாள். ஜோசப் ஆனந்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அழுவதற்குக் காரணம் இருக்கிறது. கண் காய்ந்து கிடக்கிறது. முதல் சரணம் போய்விட்டது, ஒரு சொட்டு இல்லை.

லினெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அகஸ்டினாவுக்காக அவன் அழப்போவதைப் பார்க்கக் காத்திருக்கிறாள். அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இன்னும் ஒரு சரணம் இருக்கிறது. இந்த இடத்தில் நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன், என்னால் முடியவில்லை. நீங்களாவது அவனை அழவையுங்கள்.