எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

செல்லக்கிளியின் கையில் மஞ்சள் காப்பு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கட்டியது. அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊருக்குள்ளோ செல்போனுக்கு டவர் இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி இருபது அடி வைத்தால், திருச்சுழி ரோட்டுப் பாலத்தின் மேல்தான் எடுக்கும்.

அதனால் கல்லுக்கு இந்தப் பக்கம் செல்லக்கிளி நின்றாள். பாலத்தில் அவளுடைய போனைப் பிடித்துக்கொண்டு, ஆடுகளை ஓடைக்குள் விட்டுவிட்டு வந்த தங்கமாரி உச்சி வெயிலில் நின்றாள்.

செல்லக்கிளியின் மகள் நாகஜோதி அந்நேரம் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கான பெரிய போட்டி. வெளியே பனி கொட்டுவதால் கூரைபோட்ட அரங்குக்குள் ஆட்டம். முழங்காலில் ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் கழித்து ஆடும் முதல் போட்டி. மறுபடி மூட்டு விலகினால் மட்டையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லக்கிளி காப்புக் கட்டியதே அந்த முழங்காலுக்காகத்தான்.

“மதினி, நம்ம புள்ளைக்கு முப்பது! இல்ல, நாப்பது! என்ன கணக்கோ, தாண்டித் தாண்டிப் போகுது.”

“ஒழுங்காப் பாருடி. ஆடு எண்ணுறவதானே நீ!”

“ஆடு நின்னாத்தானே எண்ணுவேன்?”

முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் நாகஜோதி ஐந்துக்கு நாலு என்று முந்தியிருந்தாள். அப்புறம் பாலத்திலிருந்து சத்தமே இல்லை.

“என்னடி?”

“நிக்குது மதினி.”

“டவரா?”

“டவரு நல்லாத்தான் இருக்கு. ஆட்டந்தான் நிக்குது.”

செல்லக்கிளியின் கால் தானாகக் கல்லின்மேல் ஏறியது. தாண்டிப் போய் என்ன செய்ய? பாலத்துக்கு அப்பால் எத்தனை கடல் கிடக்கிறதோ. தான் தாண்டியதால்தான் மகளின் கால் போயிற்று என்று ஆகிவிட்டால்? காலை இறக்கி, காப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

“ஏத்தா ஜோதி... அழாதத்தா.” தங்கமாரி நெடுநேரம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். “மூட்டு மறுபடி போச்சாம் மதினி. பாதியிலயே வெளிய வந்துட்டாளாம். அம்மா எங்கன்னு கேக்குறா.”

செல்லக்கிளி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் போக முடியாது. போன் இந்தப் பக்கம் வந்தால் பேச்சு அறுந்துவிடும். தங்கமாரி அவளைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள்.

“இங்கனதான் நிக்கிறாத்தா, கல்லு மாதிரி. நீ சாப்பிட்டியான்னு கேக்குறா.”

செல்லக்கிளி அப்படிக் கேட்கவில்லை. வாய் வந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள்.

“மதினி, எதிர்த்து ஆடுன புள்ளதான் இவளத் தோள்ல சாச்சுக் கூட்டியாந்துச்சாம். செயிச்சவ போகாம, இவ கால மடியில வச்சு ஐஸு வச்சுக்கிட்டு இருக்காளாம்.”

செல்லக்கிளி முகத்தைத் துடைத்தாள். கோயில் ஆத்தா கண்ணைத் திறக்கவில்லை என்று சற்றுமுன் நினைத்த நெஞ்சு சற்றே கூசியது.

“அவ பேரு என்னன்னு கேளுடி. நாளைக்கு அவ பேருக்கும் ஒரு தேங்கா ஒடைக்கணும்.”

தங்கமாரி மூன்று தரம் கேட்டாள். “வாய்க்குள்ள நுழைய மாட்டேங்குது மதினி!”

“இன்னொரு தரம் கேளு. மெதுவாச் சொல்லச் சொல்லு.”

ஆடுகள் ரோட்டில் ஏற, நரிக்குடி பஸ் ஹாரன் அடித்தது. தங்கமாரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினாள். செல்லக்கிளி அழுதுகொண்டே, ஒன்றும் விட்டுவிடாமல் திருப்பிச் சொன்னாள்.