மேலேறும் வேகம்

லியோனியிடம் மிச்சமிருந்தது இரண்டே முக்கால் மணி நேரம். பிற்பகல் இரண்டு மணிக்குக் குடும்ப நீதிமன்ற விசாரணை, வீடியோ வழியாக. ஒன்பது வயது மகள் ஐலா இனி யாரோடு இருப்பாள் என்று பேசப்போகும் நாள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு நடந்த விசாரணையில் அவள் வாயைத் திறந்ததும் படம் உறைந்துபோனது. குரல் துண்டு துண்டாகப் போனது. நான்கு முறை முயன்றுவிட்டு நீதிபதி தேதியைத் தள்ளிவைத்தார். அதற்குள் அவளைப் பிரிந்து போன கணவன் கிளென்னின் வழக்கறிஞர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "ஐலாவின் பேச்சுப் பயிற்சி இணையத்தில்தான் நடக்கிறது. போன செவ்வாய்க்கிழமையும் பாதியில் அறுந்துபோயிற்று. அந்த வீட்டு நிலைமை இதுதான்."

அன்றிலிருந்து லியோனி தூங்கவில்லை. துணி துவைக்கும் அறையின் அலமாரிக்குள் இருந்த மோடத்தை எடுத்து வந்து முன்னறையில் உயரமான தட்டில் வைத்தாள். மைக்ரோவேவைத் தள்ளி வைத்தாள். இணைய நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். "லைன் நன்றாக இருக்கிறது" என்பதுதான் மூன்று முறையும் பதில்.

கடைசியில் அக்கா மரிட்டாவைக் கூப்பிட்டாள். மரிட்டா டெவன்போர்ட் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் கேபிள் வேலை பார்ப்பவள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, லியோனி இருக்கும் அல்வர்ஸ்டனுக்கு வண்டியை விரட்டி வந்திருந்தாள்.

"பேசாம என் வீட்டுக்கு வந்து பேசேண்டி. அங்க ஒரு தொல்லையும் இல்ல."

"இந்த வீட்டப் பத்திதான்க்கா பேச்சே. இந்த வீட்ல உக்காந்துதான் பேசுவேன்."

"வீம்புக்குப் பொறந்தவ. சரி, லேப்டாப்ப எடு."

"வைஃபை அஞ்சு கோடும் முழுசா காட்டுதுக்கா. அப்பவும் நிக்குது. அதான் எனக்குப் புரியல."

"அந்தக் கோடு உனக்கும் மோடத்துக்கும் நடுவுல உள்ள தூரம், அவ்ளோதான். மோடத்துலேர்ந்து தெருவுக்குப் போற வழி எப்படியிருக்குன்னு அது சொல்லாது."

மரிட்டா பையிலிருந்து கேபிளை எடுத்து லேப்டாப்பை மோடத்தோடு நேராக இணைத்தாள். வேகத்தைச் சோதித்தாள். வீட்டுக்குள் இறங்கும் வேகம் விநாடிக்கு முப்பத்தெட்டு மெகாபிட். படம் பார்க்க அதுவே தாராளம். வெளியே போகும் வேகத்தைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். அரை மெகாபிட்கூட இல்லை.

"டிவி பாக்கறப்ப எல்லாம் கீழ இறங்குது, அதான் நீ கவனிக்கல. வீடியோவுல உன் முகமும் குரலும் மேல ஏறிப் போகணும். ஏறுற வழி அடைஞ்சு கிடக்கு. இது பழைய செம்புக் கம்பி, எப்பவுமே ஏறுறது கொஞ்சம்தான். ஆனா இவ்ளோ மோசமா இருக்காது."

வைஃபையை மொத்தமாக அணைத்துவிட்டு மறுபடி சோதித்தாள். ஏறும் வேகம் ஐந்தைத் தொட்டது. வைஃபையைப் போட்டதும் மறுபடி அரைக்குக் கீழே விழுந்தது.

"லைன்ல கோளாறு இல்ல. நிறுவனத்துக்காரன் சொன்னது நெஜம்தான். உன் வீட்டுக்குள்ள இருக்குற ஏதோ ஒண்ணு ஓயாம எதையோ வெளிய அனுப்பிட்டே இருக்கு."

லேப்டாப்பில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். இணைந்திருக்கும் பொருள்களின் பட்டியல் வந்தது. லியோனியின் போன், ஐலாவின் டேப்லெட், டிவி, பிரிண்டர். கடைசியாக ஒன்று. பெயரில்லை. வெறும் எழுத்தும் எண்ணும்.

"இது என்னது?"

"தெரியல. ஃபிரிட்ஜா?"

"உன் ஃபிரிட்ஜுக்கு லைட்டே ஒழுங்கா எரியல, வைஃபை ஒரு கேடா?"

லியோனி சிரித்தாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. ஒவ்வொன்றாக அணைத்தார்கள். டிவி போனது, பிரிண்டர் போனது, டேப்லெட் போனது. பெயரில்லாதது மட்டும் போகவில்லை.

மணி பன்னிரண்டு தாண்டியது.

"வைஃபை பாஸ்வேர்ட எப்ப மாத்துன?"

"மாத்தவே இல்லயேக்கா. கிளென் வெச்சதுதான்."

மரிட்டா அவளை ஒரு நொடி பார்த்தாள். பின்வாசலுக்குப் போய் மின்சாரப் பெட்டியைத் திறந்தாள். "நான் ஒவ்வொரு ஸ்விட்ச்சா இறக்குறேன். லேப்டாப் பேட்டரியில ஓடும். மோடம் மட்டும் உயிரோட இருக்கணும். அந்தப் பேரு பட்டியல்லேர்ந்து எப்பப் போகுதுன்னு கத்து."

அடுப்பின் ஸ்விட்ச் இறங்கியது. பெயர் இருந்தது. வெந்நீர்த் தொட்டி. இருந்தது. மூன்றாவதாக விளக்குகளுக்கான ஸ்விட்ச். லியோனி பட்டியலைப் புதுப்பித்தாள். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி புதுப்பித்தாள்.

"போயிருச்சு!"

ஸ்விட்ச்சுகளை மறுபடி ஏற்றிவிட்டு மரிட்டா உள்ளே வந்தாள். "விளக்கு லைன்ல இருக்கு. எந்த விளக்குடி வைஃபை கேக்குது?"

இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எல்லாம் பழைய சாதாரண பல்புகள். நடைவழி முடிந்து முன்னறை தொடங்கும் இடத்தில் மரிட்டா நின்றாள். தலைக்கு மேலே வெள்ளை வட்டமாக, புகை வந்தால் கத்தும் ஸ்மோக் அலாரம். அதுவும் விளக்கு லைனில்தான் ஓடும். மற்ற அறைகளில் இருந்தவை மஞ்சளேறிக் கிடந்தன. இது மட்டும் புதிது.

"இத யாரு மாட்டுனது?"

"கிளென்," என்றாள் லியோனி. அவன் எலக்ட்ரீஷியன். வீட்டை விட்டுப் போன இரண்டாவது மாதம், பிள்ளையின் பாதுகாப்புக்கு என்று சொல்லி அவனே வந்து மாட்டிவிட்டுப் போனான். அவள் டீ போட்டுக் கொடுத்து நன்றியும் சொன்னாள்.

மரிட்டா நாற்காலியில் ஏறிப் போன் வெளிச்சத்தை அடித்தாள். காற்றுப் போகும் துளைகளுக்கு நடுவில் ஒரு துளை மட்டும் பளபளத்தது. சாப்பாட்டு மேசையை, லியோனி லேப்டாப் வைத்து உட்காரும் இடத்தை நேராகப் பார்த்தபடி.

மரிட்டா இறங்கி, விரலை உதட்டில் வைத்து, தங்கையின் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். துணிக்கொடிக்கு அடியில் நின்றுதான் பேச்சு வந்தது.

"அந்த மேசையிலதான்க்கா வக்கீலம்மாகிட்ட எல்லாமே பேசுனேன்." என்றாள் லியோனி. "செவ்வாய்க்கிழமை கிளாஸ் நின்னது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். ஐலா சொல்லியிருப்பான்னு அவளத் திட்டிட்டேன். பாவம், புள்ளயப் போயித் திட்டிட்டேன்."

"சுத்தியல் எங்க வெச்சிருக்க? இப்பவே பிச்சுப் போடறேன்."

"தொடாதக்கா."

"என்னடி சொல்ற?"

"நீ கழட்டுனா நாமளே வெச்சோம்னு சொல்லுவான். அவன் கைப்பட்டது அப்படியே இருக்கட்டும். போலீஸ் வந்து கழட்டட்டும்." லியோனி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா கரண்ட் போனது அவனுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கையிலிருந்த போன் அடித்தது. கிளென்.

எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு ஒரு செய்தி: 'வீட்ல எல்லாம் ஓகேவா? கரண்ட் கட்டா?'

"முட்டாப்பய," என்றாள் மரிட்டா மெதுவாக. "தானே எழுதிக் குடுத்துட்டான். அழிச்சிராத."

லியோனி முதலில் போலீஸுக்கும், அடுத்து லான்செஸ்டனில் இருக்கும் தன் வழக்கறிஞர் ஃபரூஜாவுக்கும் போன் செய்தாள். ஃபரூஜா முழுவதையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "அந்தச் செய்திய இப்பவே எனக்கு அனுப்புங்க. மோடம் பட்டியலையும் படம் எடுத்து அனுப்புங்க. வீட்டுக்குள்ள வேற எதப் பத்தியும் பேசாதீங்க," என்றாள்.

போலீஸ் வரும்போது மணி ஒன்றேகால். கூடவே ஒரு எலக்ட்ரீஷியன். பெண் கான்ஸ்டபிள் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்த பிறகுதான் அவர் ஏணியில் ஏறினார். மூடியைத் திறந்ததும் உள்ளே விரல்நுனி அளவு கேமரா, பக்கத்திலேயே மைக். காகிதப் பைக்குள் போட்டு முத்திரை வைத்தபோது மணி ஒன்று ஐம்பது. வேறு ஏதும் இருக்கிறதா என்று மற்ற அறைகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு மணிக்கு லியோனி அதே மேசையில் உட்கார்ந்தாள். கேபிள் மோடத்தில் செருகியிருந்தது. மரிட்டா லேப்டாப் கேமராவில் படாத தூரத்தில், அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் நீதிபதி, இரண்டு வழக்கறிஞர்கள், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த கிளென்.

"திருமதி ஹார்டிங், கேட்கிறதா?" என்றார் நீதிபதி.

"கேட்குது. நான் பேசறது உங்களுக்குத் தெளிவா கேட்குதா?"

"தெளிவாகக் கேட்கிறது."

ஃபரூஜா நடந்ததைச் சொன்னாள். பட்டியலைக் காட்டினாள். பன்னிரண்டு இருபத்தாறுக்கு வந்த செய்தியை வாசித்தாள். கிளென்னின் வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார். கிளென் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "இப்போது எதுவும் பேச வேண்டாம்" என்று அவர் தடுத்ததும் வெளுத்த முகத்தோடு கீழே குனிந்துகொண்டான்.

பிறகு லியோனி பேசினாள். இருபது நிமிடம். ஒரு சொல்கூட அறுந்துபோகவில்லை.

அன்றே நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். ஐலா அம்மாவோடு இருப்பாள். போலீஸ் விசாரணை முடியும்வரை கிளென் மகளைத் தனியாகச் சந்திக்கக் கூடாது. கிளென் மீது வழக்குப் பதிவானது. நான்கு மாதம் கழித்து வந்த குடும்ப நீதிமன்ற இறுதித் தீர்ப்பும் ஐலா அம்மாவோடு இருப்பதையே உறுதி செய்தது.

ஆனால் லியோனிக்கு அந்த நாளின் கஷ்டமான பகுதி விசாரணை இல்லை. மூன்றரைக்குப் பள்ளி விட்டு வந்த ஐலா பையை எறிந்துவிட்டுக் கூரையில் இருந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். லியோனி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், அவளுக்குப் புரியும் அளவுக்குச் சொன்னாள்.

ஐலா மறுபடி ஓட்டையைப் பார்த்தாள். "அப்பா என்னப் பாக்கணும்னுதானேம்மா வெச்சாரு?" என்றாள்.

"தெரியலடா," என்றாள் லியோனி. "இருக்கலாம். ஆனா பாக்கணும்னா கதவத் தட்டணும்."

ஐலா தலையாட்டினாள். பசிக்கிறது என்றாள். மரிட்டா ரொட்டியை எடுத்து வாட்டப் போனாள்.