குளியலறைப் பாட்டுகளை அழித்த கதை

பழைய கம்ப்யூட்டரை விற்பதற்கு முன், பல் டாக்டர் அதிலிருந்த தன் பாட்டுகளையெல்லாம் டெலீட் செய்தார். குளியலறையில் ரகசியமாகப் பாடிப் பதிவு செய்தவை அவை. ஆனாலும் முழுசாகப் போயிருக்குமா என்ற சந்தேகத்தில், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மச்சினனின் ரிப்பேர் கடைக்குப் போனார்.

"டெலீட் பண்ணா மட்டும் போயிடாது மாமா. இப்ப பாருங்க" என்று மச்சினன் எதையோ தட்டினான். மறுநொடி டாக்டரின் குரல் கடை முழுக்க அலறியது. வந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மச்சினன் தன் அக்காவுக்கும் போன் போட்டுக் கேட்கவைத்தான்.

"மானம் போகுதுடா! சுத்தமா துடைச்சுடு!" என்று டாக்டர் கத்தினார்.

ஹார்டு டிஸ்க் முழுக்க வெறும் பூஜ்யங்களை எழுதும் புரோகிராமை மச்சினன் ஓடவிட்டான். அது முடிந்த நேரத்தில், வீறிட்டு அழும் குழந்தையோடு டாக்டரின் மனைவி ஓடிவந்தாள்.

"டேய், அந்தப் பாட்டைப் போடு! போன்ல கேட்டதும் இவ அழுகையை நிறுத்திட்டா. இப்ப மறுபடி ஆரம்பிச்சுட்டா!"

"துடைச்சாச்சுக்கா. இனி யாராலயும் எடுக்க முடியாது."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் பாடினார். குழந்தை கப்சிப்பென்று அடங்கிச் சிரித்தது. கடையிலிருந்தவர்கள்தான் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.